மடி வீக்கம் முதல் நாய்க் கொப்புளம் வரை: ஸ்டாஃப் கிருமி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் காலையில் சங்கத்துக்குப் பால் ஊற்றப் போனால் யாராவது வண்டியை ஓரங்கட்டி, "சார், மடி கல்லு மாதிரி இருக்கு" என்று ஆரம்பிப்பார். சாயங்காலம் மதுரை டவுனில் இருந்து போன் வரும், நாய்க்கு வயிற்றில் சீழ்க் கொப்புளம், ஒரு மாதமாகப் போகவில்லை என்று. இரண்டும் சம்பந்தமே இல்லாத நோய்கள் என்றுதான் கேட்பவர்கள் நினைக்கிறார்கள், ஆனால் பல நேரம் இரண்டுமே ஒரே கிருமிக் குடும்பத்தின் வேலை. அதனால் திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த ஊசி, எத்தனை மில்லி என்று இதில் எழுத மாட்டேன், அதை உங்கள் மாட்டைத் தொட்டுப் பார்த்த கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டாஃப் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது என்ன?

முழுப் பெயர் ஸ்டெஃபைலோகாக்கஸ். 1880 வாக்கில் ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டியில் இருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் பார்த்தபோது உருண்டை உருண்டையாய்க் குலைகுலையாகத் தெரிந்தது. கம்பத்துத் திராட்சைக் குலையை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் வடிவம். கிரேக்க மொழியில் திராட்சைக் குலைக்கு உள்ள சொல்லையே பெயராக வைத்தார். 1884-ல் ரோசன்பாக் என்ற ஜெர்மானிய மருத்துவர், பொன் நிறமாக வளரும் வகைக்கு ஆரியஸ் என்று பெயர் கொடுத்தார். மாடு, ஆடு, கோழி, மனிதன் எல்லோரையும் பிடிப்பது இந்த ஆரியஸ். நாய்க்கு வருவது பெரும்பாலும் இதன் பங்காளியான சூடின்டர்மீடியஸ், அதற்குத் தனிப் பெயர் கிடைத்ததே 2005-ல்தான். பன்றிக்குட்டிக்கு ஹைக்கஸ்.

இது எங்கிருந்தோ பறந்து வரும் கிருமி இல்லை. தோலிலும் மூக்குக்குள்ளும் சும்மா உட்கார்ந்திருக்கும், நம்மிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் ஆரியஸ் இருக்கிறது. தோல் கிழிந்தால், காம்பு வெடித்தால், கன்றின் தொப்புள்கொடி ஈரமாய்க் கிடந்தால், மூக்கணாங்கயிறு குத்திய புண் ஆறாமல் இருந்தால், அந்த வழியாக உள்ளே போகும். வழி திறந்து கொடுத்தது எது என்று கண்டுபிடிக்காமல் கிருமியை மட்டும் துரத்தினால் அது திரும்பி வரும். கீழே வருகிற பதில்கள் பாதிக்கு மேல் இதையே சுற்றித்தான் இருக்கும்.

தொழுவத்தைத் தினமும் கழுவி விடுகிறேன். அப்புறமும் மடிநோய் எப்படி வருகிறது?

சாணியிலும் சகதியிலும் இருந்து வருகிற மடிநோய்க் கிருமிகள் வேறு, அவற்றுக்குத் தரையைக் கழுவுவது உதவும். ஸ்டாஃப் ஆரியஸ் அப்படி இல்லை. அது ஒரு மாட்டின் மடியில் இருந்து இன்னொரு மாட்டின் மடிக்குப் போகிறது, போவது பால் கறக்கிற நேரத்தில், போவதற்கு அது ஏறும் வண்டி கறக்கிற கைதான்.

நம் ஊர்களில் ஒரே கறவைக்காரர் நாலைந்து வீட்டுக்குப் போய்க் கறந்து கொடுப்பார். ஒரு வீட்டில் கறந்த கையோடு அடுத்த வீட்டுக்கு வருவார், காம்பில் தண்ணீரைத் தெளித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதைவிட எனக்கு எப்போதும் மனசுக்குக் கஷ்டமாக இருப்பது அந்த எண்ணெய்க் கிண்ணம். காம்பு வழுக்க வேண்டும் என்று ஒரே கிண்ணத்தில் விரலைத் தொட்டுத் தொட்டு எல்லா மாட்டுக்கும் தடவுவது. ஒரு மாட்டுக்கு நோய் இருந்தால் அந்தக் கிண்ணமே போதும், ஒரு வாரத்தில் தெருவுக்கே கொடுத்துவிடும். துடைக்கிற துணியும் அப்படித்தான், ஒரு மாட்டுக்கு ஒரு துணி என்று வைத்து, வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள்.

கறக்கும் முறையிலும் இருக்கிறது. கட்டைவிரலை மடக்கி அதன் கணுவில் காம்பை அழுத்திக் கறந்தால் காம்பின் உள்தோல் நசுங்கிப் புண்ணாகும், கிருமிக்கு அதுவே வாசல். உள்ளங்கை முழுதும் படிய அழுத்திக் கறக்கிற முழுக்கைக் கறவைதான் மடிக்கு நல்லது. கறந்து முடித்ததும் மருந்துக்கடையில் கிடைக்கும் காம்பு முக்கும் அயோடின் கரைசலில் நாலு காம்பையும் முக்கி எடுங்கள். பிறகு மாட்டை உடனே படுக்க விடாதீர்கள், காம்புத் துளை சுருங்கி மூட அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பசும்புல்லோ சோளத்தட்டையோ முன்னால் போட்டால் அது தானாக நின்று தின்னும்.

நோய் உள்ள மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை, ஆனாலும் செய்பவர்கள் குறைவு, ஏனென்றால் வாசலுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டில் இருந்து ஆரம்பிப்பதுதான் பழக்கம். நோய் மாட்டைக் கொண்டுபோய்க் கடைசித் தறியில் கட்டிவிடுங்கள், வரிசை தானாகச் சரியாகிவிடும்.

மடி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பால் மட்டும் குறைகிறது. இதுவும் மடிநோயா?

இருக்கலாம். வீங்கிச் சிவந்து, பால் திரிதிரியாக வந்தால் எல்லோருக்கும் தெரியும். வெளியே எதுவும் காட்டாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கும் மடிநோய்தான் அதிக நஷ்டம் தருவது, ஸ்டாஃப் ஆரியஸ் அப்படி மாதக்கணக்கில் ஒளிந்திருப்பதில் கெட்டி. சங்கத்தில் பாலின் தரம் இறங்கிவிட்டது என்று சொன்னால் தீவனத்தை மட்டும் சந்தேகப்படாமல் மடியையும் பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. சாதாரண துணி துவைக்கும் சோப்புத்தூள் 3 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். நாலு சின்னக் கிண்ணத்தில் நாலு காம்பின் பாலையும் தனித்தனியாகக் கறந்து, ஒவ்வொன்றிலும் பால் எவ்வளவோ அதே அளவு கரைசலை ஊற்றிச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணியாகவே ஓடும், நோய் உள்ள காம்பின் பால் கெட்டியாகிச் சளி போல வழவழக்கும். கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்களைச் சோப்பு உடைப்பதால் அந்த வழவழப்பு வருகிறது. இதே வேலையைச் செய்யும் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனைக் கரைசல் கால்நடை மருந்தகத்தில் இருக்கும், அது 1957-லேயே வந்த முறை. சோதனை செய்த பாலைக் கீழே கொட்டிவிடுங்கள், நாய் பூனைக்கு வைக்காதீர்கள்.

இந்தச் சோதனை எந்தக் கிருமி என்று சொல்லாது, எந்தக் காம்பு என்று மட்டும் சொல்லும். 15 நாளுக்கு ஒரு தடவை செய்தாலே பெரிய விஷயம்.

ஊசி போட்டால் இரண்டு நாளில் சரியாகிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது. மருந்து போலியா?

எல்லோரும் முதலில் மருந்தைத்தான் சந்தேகப்படுவார்கள், அல்லது டாக்டரை. பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஸ்டாஃப் ஆரியஸ் மடியின் சதைக்குள் ஆழமாகப் போய்ச் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளாக உட்கார்ந்துகொள்கிறது. அதைச் சுற்றி உடம்பே தழும்பு போலச் சுவர் கட்டிவிடும், அந்தச் சுவரைத் தாண்டி மருந்து போவது கஷ்டம். அதைக் கொல்ல வந்த வெள்ளை அணுவுக்குள்ளேயே புகுந்து உயிரோடு இருக்கும். கோழையைப் போல ஒரு படலத்தை விரித்து அதன் அடியிலும் ஒளியும். ஊசி போட்டதும் வெளியே இருக்கும் கிருமி சாகும், வீக்கம் வடியும், நாமும் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறோம்.

நானே இதைச் செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும், எங்கள் வீட்டுச் சிந்திக் கலப்பு மாட்டுக்குப் பின்பக்க வலது காம்பில் மடிநோய் வந்தது. டாக்டர் 5 நாளைக்கு மருந்து எழுதினார். மூன்றாம் நாளே பால் வெள்ளையாக வந்ததால் மீதியை நிறுத்திவிட்டேன், ஊர் மாடுகளைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்ததில் என் மாட்டுக்கு இரண்டு நாள் ஒதுக்கவில்லை. மூன்று வாரத்தில் அதே காம்பு கல்லாகிப் போனது, அதற்குப் பிறகு அந்தக் காம்பில் பாலே வரவில்லை. அது உயிரோடு இருந்த காலம் முழுக்க மூன்று காம்பில்தான் கறந்தோம். ஒவ்வொரு தடவை அந்தக் காம்பைத் தொடும்போதும் எனக்கு அந்த இரண்டு நாள் ஞாபகம் வரும்.

எனவே எழுதிக் கொடுத்த நாள் முழுவதும் மருந்து போக வேண்டும். முதல் ஈத்து, இரண்டாம் ஈத்து மாடு, ஒரே காம்பில் நோய், ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம் என்றால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. வயதான மாடு, இரண்டு மூன்று காம்பில் நோய், மடிக்குள் கட்டி கட்டியாகத் தட்டுப்படுகிறது என்றால் வாய்ப்புக் குறைவு என்று டாக்டர் சொல்வார், அதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள்.

பால் வற்றவைக்கிற நேரத்தை விட்டுவிடாதீர்கள். கன்று போடுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்தும்போது காம்புக்குள் ஏற்றுகிற நீண்ட நாள் வேலை செய்யும் மருந்து இருக்கிறது. அது கறவையோடு வெளியேறாமல் மடிக்குள்ளேயே தங்குவதால், கறக்கும் காலத்தில் சாகாத கிருமிகூட அப்போது சாக வழி உண்டு.

சோற்றுக்கற்றாழை வைத்தியம் செய்யலாமா?

செய்யலாம். தேசிய பால்வள வாரியம் பரப்பிவரும் முறை இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் செங்கல் நிறத்தில் விழுது வரும். பாலை முழுக்கப் பீய்ச்சிவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை, 5 நாள், இடையில் தினமும் இரண்டு எலுமிச்சம்பழத்தையும் தின்னக் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் காலையில் ஒரு தடவை பூசிவிட்டு வயலுக்குப் போய்விட்டு, கேட்கவில்லை என்பார்கள்.

ஆனால் மாடு காய்ச்சலில் தீனி எடுக்காமல் நிற்கிறது, பால் மஞ்சள் தண்ணீராகவோ ரத்தமாகவோ வருகிறது என்றால் கற்றாழையை அரைத்துக்கொண்டு உட்காராதீர்கள். 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது.

நோய் மாட்டுப் பாலைக் காய்ச்சினால் சரியாகிவிடும்தானே?

காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் ஸ்டாஃப் ஆரியஸ் பாலில் பெருகும்போது விடுகிற நஞ்சு காய்ச்சினாலும் போகாது. சித்திரை வெயிலில் கறந்த பால் கேனில் மூன்று நாலு மணி நேரம் கிடந்தால் அது பெருகத் தோதான சூடு. அப்படிப்பட்ட பாலில் செய்த பால்கோவாவோ பன்னீரோ சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடுங்கி எடுக்கும். விசேஷ வீட்டில் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் சாயங்காலத்துக்குள் வாந்தி எடுத்தார்கள் என்றால் இந்த நஞ்சையும் சந்தேகப்பட வேண்டும். மாட்டில் இருந்துதான் வரவேண்டும் என்று இல்லை, கையில் சீழ்ப்புண்ணோடு இனிப்பை உருண்டை பிடிக்கிறவரிடம் இருந்தும் வரும்.

திரிந்த பாலை நல்ல பாலோடு கலக்காதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள், தொழுவத் தரையில் பீய்ச்சாதீர்கள், ஒரு பாத்திரத்தில் பிடித்துக் குழியில் ஊற்றி மூடுங்கள். மருந்து போடும் நாளிலும் அதற்குப் பின் மருந்துச் சீட்டில் போட்டிருக்கும் நாள் வரையும் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. அந்தப் பாலைப் புரை ஊற்றினால் தயிர் உறையாமல் போகும், உறையச் செய்கிற நல்ல கிருமியையும் மருந்து கொன்றுவிடுவதால். அதையே ஒரு குழந்தை தினமும் குடிப்பதை யோசித்துப் பாருங்கள்.

குட்டி போட்ட ஆட்டுக்கு ஒரு பக்க மடி கறுத்துச் சில்லென்று இருக்கிறது. என்ன செய்ய?

மேலே படித்ததை எல்லாம் விடுங்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இது அழுகல் மடிநோய். கிருமியின் நஞ்சு மடிக்கு ரத்தம் போகும் குழாய்களை அடைத்துச் சதையைச் சாகடிக்கிறது. முதலில் சூடாகச் சிவந்திருக்கும், ஒரே நாளில் நீலம் பாரித்து, கறுத்து, தொட்டால் பிணம் போலச் சில்லிடும். ஆடு பின்னங்காலை நொண்டும், குட்டியை ஊட்ட விடாது. கிடை போடும் கீதாரிகள் காலையில் பட்டியைத் திறக்கும்போதே நொண்டுகிற தாய் ஆட்டைத் தனியாகப் பிடித்து மடியைத் தொட்டுப் பார்ப்பார்கள், அந்தப் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும். மடியின் அந்தப் பக்கம் திரும்பக் கிடைக்காது, ஆட்டைக் காப்பாற்றத்தான் பார்க்க முடியும். குட்டியைப் பிரித்து வேறு ஆட்டிலோ புட்டியிலோ பால் கொடுங்கள்.

நாய்க்கு வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சீழ்க் கொப்புளம், வட்டம் வட்டமாகத் தோல் உரிகிறது. படர்தாமரைக் களிம்பு போடலாமா?

போடாதீர்கள். ஸ்டாஃப் கொப்புளம் உடைந்த பிறகு ஓரத்தில் தோல் வட்டமாக உரிந்து நிற்கும், பார்க்க அச்சாகப் படர்தாமரை மாதிரியே இருக்கும். மருந்துக்கடையில் கேட்டால் மூன்று நாலு மருந்து கலந்த களிம்பைக் கொடுப்பார்கள், அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டும் இருக்கும். சிவப்பும் அரிப்பும் இரண்டு நாளில் அடங்கும், தோலின் எதிர்ப்புச் சக்தியும் கூடவே அடங்கும், பின்னால் இன்னும் பெரிதாக வரும். நாய் அதை நக்கி வயிற்றுக்குள்ளும் தள்ளும். கால்நடை மருத்துவர் கொப்புளத்தில் ஒரு கண்ணாடித் துண்டை ஒற்றி எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் விடை தெரிந்துவிடும்.

நாய்க்குத் தோலில் ஸ்டாஃப் வருவது அநேகமாக இரண்டாவது நோய். முதல் நோய் வேறொன்று: உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, ஒவ்வாமை, வயதான நாயாக இருந்தால் தைராய்டு குறைவு. அரித்துச் சொறிந்து தோல் கிழிந்த இடத்தில் கிருமி புகுகிறது. ஒரு வீட்டில் ராஜபாளையம் நாய்க்கு ஒரு வருஷத்தில் நாலு தடவை மாத்திரை கொடுத்து நாலு தடவையும் திரும்ப வந்தது. கடைசியில் பார்த்தால் நாய் படுக்கிற திண்ணையின் சுவர் விரிசலெல்லாம் உண்ணிக்குஞ்சு. விரிசலை அடைத்து, நாய்க்கும் உண்ணி மருந்து கொடுத்த பிறகுதான் நின்றது.

லேசாக இருந்தால் குளோர்ஹெக்சிடின் கலந்த நாய் ஷாம்பு ஒன்றிலேயே பல நேரம் அடங்கும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. நுரையைத் தேய்த்து 10 நிமிடம் அப்படியே விட வேண்டும், எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான், தேய்த்த உடனே குழாயைத் திறந்துவிடுகிறார்கள். குளித்ததும் தொடை இடுக்கு, காது மடல், விரல் சந்து எல்லாம் ஈரம் போகத் துடைக்க வேண்டும். மாத்திரை எழுதினால் வாரக்கணக்கில் போகும், வெளியே மாறிவிட்டது என்று நிறுத்தாதீர்கள், டாக்டர் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லட்டும்.

குட்டி நாய்களுக்கு அடிவயிற்றில் முடி இல்லாத இடத்தில் நாலைந்து பரு வந்தால் அதிகம் பயப்பட வேண்டாம், படுக்கையைச் சுத்தமாக வைத்து, டாக்டரிடம் காட்டிக்கொண்டு வந்தால் போதும்.

பூனைக்கு?

பூனைக்குச் சீழ்க்கட்டி வந்தால் பெரும்பாலும் வேறு பூனை கடித்ததால், கிருமியும் அநேகமாக வேறு. இங்கே ஒன்று மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும்: காய்ச்சலாக இருக்கிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

சேவலுக்கு உள்ளங்காலில் கறுப்பாக ஆணி மாதிரி கட்டி. அறுத்து எடுக்கலாமா?

நீங்களாக அறுக்காதீர்கள். ஏறி உட்காரும் கட்டை கூராக இருந்தாலோ, சேவல் எடை கூடினாலோ, முள் குத்தினாலோ பாதத்தில் வெடிப்பு வந்து ஸ்டாஃப் உள்ளே போகும். கோழியின் சீழ் நம்முடையது போல ஓடாது, பாலாடைக்கட்டி மாதிரி இறுகிவிடும், அதனால்தான் ஆணி போலத் தெரிகிறது. ஆரம்பத்தில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, போவிடோன் அயோடின் போட்டு, காய்ந்த வைக்கோலில் விட்டால் ஆறும். கணுக்கால் மூட்டு வீங்கிச் சேவல் உட்கார்ந்தே இருந்தால் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம், டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

வெண்பன்றிக்குட்டிகள் மேல் எண்ணெய் தடவின மாதிரி பிசுக்கு, அதில் அழுக்கு ஒட்டிக் கறுப்பாகிறது.

ஹைக்கஸ் வகை. பால்குடிக் குட்டிகளுக்கு, ஒன்றோடொன்று கடித்த கன்னக் காயத்தில் இருந்து ஆரம்பிக்கும். நாள் கடத்தினால் குட்டி நீர் வற்றிச் செத்துவிடும், ஒரு குட்டியில் தெரிந்தாலே அந்த ஈத்து முழுவதையும் காட்டுங்கள்.

எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டுமா?

ஒட்டலாம், ஆனால் நாயை வீட்டை விட்டுத் துரத்துகிற அளவுக்குப் பயப்படாதீர்கள். நாயின் சூடின்டர்மீடியஸ் நல்ல உடம்புள்ள மனிதனைப் பிடிப்பது அபூர்வம். ஆறாத புண் உள்ளவர், சர்க்கரை நோயாளி, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், கைக்குழந்தை இவர்கள் நாயின் புண்ணை நேராகத் தொட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது மருந்துக்கு அடங்காத வகை, எம்.ஆர்.எஸ்.ஏ. என்பார்கள். மெதிசிலின் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத ஆரியஸை முதலில் 1961-ல் இங்கிலாந்தில், மனிதர்களிடம்தான் கண்டார்கள். 2000-க்குப் பிறகு நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைகளில் ஒரு தனி வகை தெரிந்தது, அது பன்றியில் இருந்து பண்ணைக்காரர் குடும்பத்துக்கும் வந்தது. வழி இரண்டு பக்கமும் திறந்தே இருக்கிறது, நம் மூக்கில் இருப்பது நம் கை வழியாக மாட்டுக் காம்புக்கும் போகும். கறக்கும் முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், விரலில் சீழ்ப்புண் இருந்தால் ஆறும்வரை வேறு ஆள் கறக்கட்டும். போன தடவை மிச்சமான ஊசி மருந்தை இந்தத் தடவை பாதி ஏற்றுவது, மனிதனுக்கு வாங்கின மாத்திரையை ஆட்டுக்கு உடைத்துக் கொடுப்பது, இதெல்லாம்தான் அடங்காத கிருமியை நாமே வளர்க்கிற வழி.

எந்த மருந்து கேட்கும் என்று சோதிக்கப் பால் எப்படி எடுத்துப் போக வேண்டும்?

மருந்து ஆரம்பிக்கும் முன்பே எடுக்க வேண்டும், ஒரு ஊசி போட்ட பிறகு எடுத்தால் சோதனையில் கிருமி வளராமல் போகலாம். காம்பைக் கழுவி நன்றாகத் துடைத்து, நுனியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அழுக்கு வராத வரை துடையுங்கள். முதல் மூன்று நாலு பீச்சை வேறு பாத்திரத்தில் விட்டுவிட்டு, மருந்தகத்தில் கொடுக்கும் சுத்தமான குப்பியைச் சாய்த்துப் பிடித்து 10 மில்லி போலப் பிடித்தால் போதும். மூடியின் உட்பக்கம் விரல் படக் கூடாது. ஐஸ் போட்ட தூக்குவாளியில் வைத்து அன்றைக்கே உங்கள் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள், அங்கிருந்து மதுரையில் உள்ள நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தேனிப் பக்கம் இருப்பவர்களுக்கு வீரபாண்டி கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டம்.

ஸ்டாஃப் ஆரியஸ் பாலில் தினமும் ஒரே அளவில் இறங்காது, ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அதனால் ஒரு தடவை கிருமி இல்லை என்று வந்தாலும், காம்பு கட்டியாகவே இருந்தால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை எடுங்கள். குப்பியின் மேல் மாடு, தேதி, முன்பக்கமா பின்பக்கமா, இடமா வலமா என்று எழுதி ஒட்டுங்கள். ஒட்டாமல் வந்து, எந்தக் காம்பு என்று ஞாபகம் இல்லாமல் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.